கை படாத அறுபது நாள்

அன்று காலை பல் துலக்கும்போதே, மாலை நான்கு மணிக்கு நந்தகுமாரிடம் என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்குக் கிட்டத்தட்டத் தெரிந்திருந்தது. பெருங்குடியில் நான் பதினான்கு வருடம் மென்பொருள் சோதனை செய்த நிறுவனத்தில் அவர் என் மேலாளர். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுந்து வந்த நாற்காலி மறுபடி காலியாகியிருந்தது. "வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் வெயிட் பண்றேன் ஜுவேரியா. அதுக்கு மேல வேற ஆளைப் பாத்துப்பேன்" என்று சொல்லியிருந்தார்.

நான் எனக்கே ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். அறுபது வர்த்தக நாட்கள். நான் எழுதிய புரோகிராம் தானாக வாங்கும், தானாக விற்கும். அந்த அறுபது நாளும் நான் குறுக்கே கை வைக்காமல் இருந்துவிட்டால் பெருங்குடிக்குப் போவதில்லை. கை வைத்துவிட்டால், திங்கட்கிழமை காலை பஸ் ஏறிவிடுவது. லாபத்தை நிபந்தனையில் சேர்க்கவில்லை. புரோகிராம் பிழைத்துக்கொள்ளும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. பதினான்கு வருடம் மற்றவர்கள் எழுதியதைச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். எதை நம்பலாம் என்பது எனக்குத் தெரியும். என் சந்தேகமெல்லாம் என் கையின் மேல்தான்.

அன்றைக்கு அறுபதாம் நாள்.

நான் செய்வது நிஃப்டி ஃபியூச்சர் வர்த்தகம். பங்குச்சந்தைக் குறியீடு ஏறும் என்று கணக்கு காட்டினால் வாங்கி, இறங்கும் என்றால் விற்று, சந்தை மூடுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வது. இந்த அறுபது நாளுக்கு முன் இரண்டு முறை முயன்று தோற்றிருந்தேன். முதல் முறை இருபத்து மூன்றாம் நாள். அடையாறில் என் மாமியாருக்குக் கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது; வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போனில் விலை இறங்குவதைப் பார்த்துப் பயந்து, புரோகிராமை நிறுத்தி விற்றுவிட்டேன். இரண்டாவது முறை நாற்பத்தோராம் நாள். அன்று பயம் இல்லை. புரோகிராம் விற்கப் பார்த்தது, இன்னும் ஏறும் என்று எனக்குத் தோன்றியது, விற்கவிடாமல் தடுத்தேன். ஐந்து வாரம் சேர்ந்தது ஒரு பிற்பகலில் போனது.

இரண்டாவதுதான் என்னை அதிக நாள் உறுத்தியது. பயந்தவளை மன்னித்துவிடலாம். அந்தப் பிற்பகல் முழுக்கத் தன்னைவிட வேறு யாருக்கும் எதுவும் தெரியாது என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளை நான் அதற்கு முன் சந்தித்ததே இல்லை. அவள் இத்தனை வருடம் எனக்குள் எங்கே இருந்தாள், அடுத்து எப்போது வருவாள் என்று தெரியாமல் இருப்பது, ஒரு வீட்டில் யாரிடம் சாவி இருக்கிறது என்று தெரியாமல் குடியிருப்பது போல இருந்தது.

அப்போதெல்லாம் புரோகிராம் என் லேப்டாப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் மும்பையில் ஒரு சர்வரை மாத வாடகைக்கு எடுத்தேன். பங்குச்சந்தையின் கணினிகள் இருக்கும் ஊரிலேயே, ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் அடுக்கிவைத்த எந்திரங்களில் ஒன்றில் எனக்கென்று ஒரு பங்கு. திரையில் பார்த்தால் தனிக் கணினி மாதிரியே இருக்கும். போய்த் தொட்டுப் பார்க்க முடியாது. மயிலாப்பூரிலிருந்து ஓர் ஆர்டர் மும்பைக்குப் போய்ப் பதில் வர, எங்கள் வீட்டு இணையம் ஒழுங்காக இருக்கும் நாளில் நாற்பது மில்லிசெகண்ட் ஆகும். மழை பெய்தால் இருநூறு, முந்நூறு. அங்கேயே இருந்து போட்டால் இரண்டோ மூன்றோ. நாம் ஒரு முறை கண் சிமிட்டுவதற்குள் நூறு தடவை போய் வந்துவிடலாம்.

கேட்டவர்களிடமெல்லாம் வேகத்துக்காக என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. என் கைக்கும் அதற்கும் நடுவில் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கிடக்கட்டும் என்று நினைத்ததை சைஃபிடம் மட்டும் சொன்னேன். சைஃப் என் கணவர். தி. நகரில் தையல்காரர்களுக்குப் பட்டன், லேஸ், ஜிப் விற்கும் கடை வைத்திருக்கிறார்.

"உன் கைய கட்டிப்போட பம்பாய்லேர்ந்து கயிறு வாங்கிக்கீறியா?" என்றார்.

"மாச வாடகைக்கு" என்றேன்.

சர்வர் எடுத்த வாரம், சந்தை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய டைரி ஒன்றின் பின்பக்கத்தில் எனக்கான விதிகளை எழுதினேன். எதிலெல்லாம் கை வைக்கக் கூடாது என்று பத்துப் பன்னிரண்டு வரி. கடைசியில், கை வைத்தே ஆக வேண்டிய ஒரே ஓர் இடம்: சர்வரிடமிருந்து ஐந்து நிமிடம் பதில் இல்லாவிட்டால், கையிருப்பை போன் வழியாக விற்று முடி. விலை எதுவானாலும். காரணம் தேடாதே. சர்வர் பேச்சை நிறுத்தினால் உடனே போனுக்கு எச்சரிக்கை வரும்படியும் செய்து வைத்தேன். ஐம்பத்தொன்பது நாளில் அந்த எச்சரிக்கை ஒரு முறைகூட வரவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் முதல் மாடி. சைஃபின் அம்மா ஜமீலுன்னிசாவை நான் மாமி என்பேன். பாங்கு சத்தம் கேட்டுவிட்டால் வீட்டில் டிவி ஓடக் கூடாது என்பது மாமியின் சட்டம். டிவி மட்டுமில்லை, வெளிச்சமாகத் தெரியும் திரை எதுவும். முதலில் என் லேப்டாப்பின் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். அது பாட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. "கரண்டு இல்லாமலே ஓடுது, ஷைத்தான் பூந்த மாதிரி" என்றார். அதனால் ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து, கீழே இடது மூலையில் இதை அழுத்தணும், அப்புறம் இந்த வட்டக் குறி, அப்புறம் இந்த வரி என்று முறையாக நிறுத்தச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். மும்பைக்குப் போன பிறகு, "இனிமே நீங்க எப்ப வேணா நிறுத்தலாம் மாமி. இது வெறும் ஜன்னல். வேலையெல்லாம் பம்பாய்ல நடக்குது" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒவ்வொரு முறையும் மேசையைவிட்டு எழும்போது மும்பைத் திரையின் தொடர்பைத் துண்டித்துவிட்டுத்தான் எழுவேன். பிறகு அது சாதாரண லேப்டாப். மாமி நிறுத்துவார், ஒன்றும் ஆகாது.

அன்று பதினொன்று நாற்பதுக்கு புரோகிராம் ஃபியூச்சரில் இரண்டு லாட், அதாவது இரண்டு கட்டு, வாங்கியது. விலை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஒரே இடத்தில் உலாத்திக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்தபடி கைகளை மடியில் வைத்திருந்தேன். அறுபதாம் நாள் என்பதால் நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. வெயில் ஜன்னலில் இருந்து தரைக்கு இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

பன்னிரண்டரை தாண்டியதும் கீழே தேசம்மாவின் குரல் கேட்டது. நொச்சிக்குப்பத்திலிருந்து அலுமினியக் கூடையில் மீன் கொண்டுவருபவள். நான் எட்டிப் பார்க்காவிட்டால் அடுத்த வீட்டில் நல்லதைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அப்படியே எழுந்து போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"இன்னாமா, மாடியிலேயே குந்திக்கினு கீற? வெள்ளிக்கெழமன்னா மீன மறந்துடுவியா?"

"சங்கரா என்ன விலை?"

"வெலைய அப்பால கேளு. மொதல்ல அதும் கண்ணப் பாரு. அதுல பொய் கீதா?"

"மீன் கண்ணுல இல்ல தேசம்மா. உன் கண்ணுலதான்."

"பார்றா. ஊட்டுக்குள்ள குந்திக்கினே வாய வளத்துக்கீது." மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். "நீ அந்தப் பொட்டியில ஏதோ ஏவாரம் பண்றியாமே. உன் மாமியாரு சொல்லிச்சு. இன்னா விக்கிற?"

"மாசக் கடைசியில வரப்போற விலைய இப்பவே வாங்கி விக்கிறேன்."

கொஞ்சம் யோசித்தாள். "கண்ணுக்குத் தெரியாத சரக்கு. நாறவும் நாறாது. நல்ல ஏவாரம்மா."

மசூதியில் பாங்கு தொடங்கி முடிந்தது. அரைக் கிலோ சொல்லிவிட்டு, அவள் செதில் தேய்க்கக் காத்திருந்தேன். அப்போது போன் இரண்டு முறை அதிர்ந்தது. சர்வர் பதில் சொல்லவில்லை. மணி 12.38.

"வெட்டி வை, வந்துர்றேன்" என்று படியேறினேன். ஓடவில்லை. ஓடினால் கை முந்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

லேப்டாப் திரையில், தொடர்பு முடிந்தது என்று ஒரு சின்னக் கட்டம் மட்டும் நின்றது. கூடத்தில் மாமி தொழுகையில் நின்றிருந்தார். சைஃப் ஜும்மாவுக்குப் போயிருப்பார், போனை அணைத்துவைத்திருப்பார். கேட்பதற்கு யாரும் இல்லை. கேட்டாலும் யாரும் சொல்லப்போவதில்லை.

வாடகை நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தேன். என் சர்வருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. அணைந்திருந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றியது. காரணம் தேடாதே என்று நானே எழுதியிருந்தேன். திரும்ப ஓடவிடும் பொத்தானை அழுத்தினேன். புள்ளி மஞ்சளானது. உள்ளே எழுந்து வரும் கணினி, வரும் வழியில் பல நாளாகத் தேங்கியிருந்த புதுப்பிப்புகளை ஏற்றத் தொடங்கியது. பதினொரு சதவீதம் என்று காட்டியது.

12.40. போனில் விலை இறங்கிக்கொண்டிருந்தது. புரோகிராம் விழித்திருந்தால் எந்த விலையில் விற்றுத் தப்பித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதற்கு இன்னும் இடம் இருந்தது. ஆனால் அந்த இடத்தைக் காவல் காக்க இப்போது அங்கே யாரும் இல்லை. நான்தான்.

பழைய பயம் வருகிறதா என்று பார்த்தேன். அடையாறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் எட்டிப் பார்த்தாள். இப்போதே விற்றுவிடு, எதற்கு ஐந்து நிமிடம் என்றாள். அவளைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை. இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

12.41. நாற்பத்து நான்கு சதவீதம். மாமி ருகூவுக்குக் குனிந்து நிமிர்ந்தார். அவருடைய வெள்ளைத் துப்பட்டாவின் ஓரம் தரையில் மெல்ல உரசும் சத்தம் கேட்டது.

12.42. விலை சட்டென்று திரும்பி ஏறியது. ஏழெட்டுப் புள்ளி. எண்பத்தாறு சதவீதம். இப்போது மற்றவள் வந்தாள், நிமிர்ந்து உட்காருபவள். அவள் பேச்சு எப்போதும் நியாயமாகவே இருக்கும். பார், திரும்பிவிட்டது, சர்வரும் இதோ வந்துவிடும், இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்தால் புரோகிராமே பார்த்துக்கொள்ளும், அறுபதாம் நாளில் போய் நீயே விற்றாயானால் கை வைத்ததாகத்தானே ஆகும்? உன் நிபந்தனையைக் காப்பாற்றத்தான் சொல்கிறேன் என்றாள்.

அவள் அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசி நான் கேட்டதில்லை. என் விதியையே எடுத்து என்னிடம் நீட்டினாள். ஒரு நொடி நான் அதை வாங்கிக்கொள்ளவும் பார்த்தேன். டைரியைத் திறந்து கடைசி வரியைப் படித்தேன். அது என் கையெழுத்து. அந்த ஞாயிற்றுக்கிழமை அதை எழுதியவளுக்கு இன்றைய விலை தெரியாது, இது அறுபதாம் நாள் என்று தெரியாது, நந்தகுமார் காத்திருப்பது தெரியாது. எதுவும் தெரியாததால்தான் அவள் சொல்வதைக் கேட்க முடிந்தது.

12.43. தொண்ணூற்று நான்கு சதவீதம்.

போனில் விற்றேன். வாங்கிய விலைக்குக் கீழேதான், சின்ன நஷ்டம்.

12.46க்கு சர்வர் எழுந்தது. புரோகிராமை ஓடவிட்டேன். விழித்ததும் முதலில் புரோக்கரிடம், என் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கும்படிதான் அதை எழுதியிருந்தேன். கேட்டது. ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. பேசாமல் அடுத்த சமயத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. யார் விற்றார்கள், ஏன் விற்றார்கள் என்று அது என்னைக் கேட்கவில்லை.

இப்போது காரணம் தேடலாம். சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். மின்சாரம் போகவில்லை, பழுதும் இல்லை. முறைப்படி நிறுத்தப்பட்டிருந்தது. நிறுத்தியவர்: ஜுவேரியா. காரணம்: மற்றவை, முன்பே திட்டமிட்டது.

கடவுச்சொல் யாரிடமோ போய்விட்டது என்பதுதான் முதலில் தோன்ற வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. எழும்போது நானே நிறுத்தினேனா? இரண்டு முறை என்னை மீறிய கை, மூன்றாவது முறை என்னிடம் சொல்லாமலே செய்துவிட்டதா? வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தேன். அதில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது.

மாமி தொழுகை முடித்து, விரித்திருந்த முசல்லாவை மடித்துக்கொண்டே அறைக்கு வந்தார்.

"ஜுவேரி, உன் பொட்டி இன்னிக்கு என்னைக் கேள்வி கேட்டுச்சும்மா."

"என்ன கேள்வி மாமி?"

"ஏன் நிறுத்துறன்னு. எப்பவும் கேக்காது, சமத்தா அணைஞ்சிடும். இன்னிக்கு இங்கிலீஷ்ல அஞ்சாறு வரி வந்துச்சு. பாங்கு முடியப்போவுது, நான் எங்க குந்திப் படிக்கிறது? நடுவுல இருந்தத அமுத்திட்டேன்."

தொடர்பைத் துண்டிக்காமல் எழுந்து போயிருக்கிறேன். ஐம்பத்தொன்பது நாள் தவறாமல் செய்ததை, தேசம்மாவின் குரலுக்காக ஒரே நாள் விட்டிருக்கிறேன். திரை முழுக்க மும்பை இருந்தது. மாமிக்கு அது மேசைமேல் இருக்கும் லேப்டாப். இடது மூலை, வட்டக் குறி, அந்த வரி. நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு படிகூடத் தவறவில்லை. சாதாரண லேப்டாப் காரணம் கேட்காது, சர்வர் கேட்கும். அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?"

"மாமி, நீங்க நிறுத்தினது இதை இல்ல. பம்பாய்ல இருக்கறத."

முசல்லா கையிலேயே நின்றது. "நானா?"

"நீங்கதான்."

"இங்கேர்ந்தா?"

"இங்கேர்ந்தே."

"யா அல்லாஹ். அங்க கீறவங்க ஒன்னும் கேக்கலியா?"

"கேட்டாங்களே. நீங்கதான் பதில் சொல்லிட்டீங்களே."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நஷ்டமா?"

"கொஞ்சம். நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் மூடாம எழுந்து போயிட்டேன்."

என் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை என்று நம்பியவர், "மீன் எங்க?" என்று கேட்டார். அது இன்னும் கீழேயே இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு சைஃப் கடையிலிருந்து கூப்பிட்டார். "இன்னா ஆச்சு?"

"வித்துட்டேன்."

"அதுவா வித்துதா?"

"இல்ல. நான். கையால."

எதிர்முனையில் யாரோ ஏழு மீட்டர் லேஸ் கேட்டார்கள். அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு சைஃப் கேட்டார். "அப்ப திங்கக்கெழமை பஸ்ஸா?"

நடந்ததைச் சொன்னேன். டைரியின் கடைசி வரியைப் படித்தும் காட்டினேன். "விலை எதுவானாலும்னு எழுதியிருக்கேன். அஞ்சாவது நிமிஷம் வித்தேன். நாலாவது இல்ல, ஆறாவது இல்ல."

"இப்ப வெல எங்க கீது?"

"ஏறிடுச்சு. நான் வித்த எடத்துலேர்ந்து அம்பது புள்ளி மேல. புரோகிராம் முழிச்சிருந்தா அது வித்தே இருக்காது."

"வயிறு எரியலியா?"

உள்ளே தேடிப் பார்த்தேன். நாற்பத்தோராம் நாளுக்குப் பிறகு ஒரு வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எந்த மூலையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் போய்ப் பார்த்தேன்.

"இல்ல" என்றேன்.

"செரி. அம்மா கிட்ட இன்னா சொன்ன?"

"பம்பாயை நிறுத்திட்டீங்கன்னு."

"போச்சு. இனிமே ஊருக்கே சொல்லும்" என்று போனை வைத்தார்.

சந்தை மூடியதும் இரண்டு வேலை செய்தேன். எது மும்பை என்று பார்த்ததும் தெரியும்படி, சர்வரின் திரைக்கு நல்ல சிவப்புப் பின்னணி வைத்தேன். அதில் நிறுத்தும் வரியே தெரியாதபடி மறைத்தேன். பிறகு டைரியில் அறுபது என்று எழுதினேன். எழுதுமுன் தயங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். அறுபது நாள் கை படாமல் இருப்பேன் என்று தொடங்கியவள், கடைசி நாளில் கையால் விற்றிருக்கிறேன். நிபந்தனையை எனக்கு வசதியாக வளைக்கிறேனா? அந்த நிமிர்ந்து உட்காருபவள்தான் வேறு குரலில் பேசுகிறாளா? கொஞ்ச நேரம் அவளைத் தேடினேன். அவள் 12.42க்குப் பேசியதும், நான் கேட்காததும் நினைவுக்கு வந்தன. அறுபதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

நான்கு மணிக்கு நந்தகுமார் சொன்னபடி கூப்பிட்டார்.

"என்ன ஜுவேரியா, திங்கக்கிழமை உன் பழைய சீட்டைத் துடைச்சு வைக்கச் சொல்லவா?"

"வேற ஆளைப் பாத்துக்கங்க சார்."

"யோசிச்சுத்தான் சொல்றியா? மும்பைல எங்கயோ கிடக்கற ஒரு மெஷினை நம்பி மாசச் சம்பளத்தை விடறே. அது ஒரு நாள் நின்னு போச்சுன்னா?"

"இன்னிக்கு நின்னுச்சு சார்."

"அப்புறம்?"

"அஞ்சு நிமிஷம் பாத்தேன். என்ன பண்ணணுமோ பண்ணேன்."

அவர் சிரித்தார். சோதனை அறையில் நான் கண்டுபிடித்த பிழைகளை வாடிக்கையாளரிடம் மறைக்கும்படி அவர் சொல்லும்போதெல்லாம் நான் இந்தக் குரலில்தான் மறுப்பேன் என்பது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். "உன்கிட்ட வாதாட முடியாது. எப்பவும் முடிஞ்சதில்ல. நல்லாரு" என்றார்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை ஒன்பதே கால் மணிக்கு நான் இதே மேசையில் இருப்பேன். அந்த எண்ணம் புதிதாகத் தோன்றாமல், ரொம்ப நாளாகவே அங்கே இருந்தது போல இருந்தது.

சமையலறையில் சங்கரா வறுபடும் வாசனை வந்தது. மாமி ஒரு கையில் கரண்டியும் மறுகையில் போனுமாக, பாலவாக்கத்தில் இருக்கும் தன் தங்கை ஹாஜிரா பீயிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பம்பாய்லதான். பெரிய கட்டடம். ஆமா, இங்கேர்ந்தேதான், நம்ம ஊட்ல குந்திக்கினே. அஞ்சாறு நிமிஷம் நின்னுப்போச்சு." மீனைத் திருப்பிப் போட்டார். "அது எப்டி சும்மா விடுவாங்க? காரணம் கேட்டாங்க. சொன்னேன்."